எஸ்தர் அக்கா மறக்கவில்லை

காவாந்தண்டலத்தில் மாலை யோகா வகுப்புக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று போன் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழவேயில்லை. நாற்பத்திரண்டு வயது. அடக்கத்தில் ஊர்க்காரர்கள் நீங்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னீர்கள்: "மருந்து துன்ன மறந்துட்டா, பாவம்." அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி பஸ் விடியுமுன் அவரை ஏற்றிக்கொண்டு போய், இருட்டியபின் இறக்கிவிடும். நடுவில் ஜன்னல் இல்லாத பேக்கிங் ஹால். வெயில் கொளுத்தும் உத்திரமேரூர்ப் பக்கத்தில், வெயில் படாமலே ஒரு பெண்ணின் எலும்பு மிருதுவாகிப்போனது. டாக்டர் பாலில் கலக்கிக் குடிக்க வைட்டமின் டி பொடி கொடுத்தார். பகலில் கொஞ்சநேரம் வெயிலில் நிற்கவும் சொன்னார். சாப்பாட்டு வேளையில் வெளியே நிற்க அக்கா சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டார்.

"கறுத்துடுவ எஸ்தரு."

"இதுக்கு மேல கறுக்க எங்க சார் எடம் கீது?"

ஹாலே சிரித்ததாம். கேட் மட்டும் திறக்கவில்லை.

அதன்பிறகுதான் என்னிடம் வந்தார். என்னிடம் இருந்தது ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ். பொடியைப் பார்த்து, "இதெல்லாம் கெமிக்கல்க்கா, நிறுத்திடு. முருங்கைக்கீரை, எள்ளு, சூரிய நமஸ்காரம் போதும்" என்றேன். அவர் நம்பினார்.

அந்தச் சூரிய நமஸ்காரத்தையும் இருட்டிய பிறகு, மூடிய அறைக்குள்தான் செய்தோம்.

"இன்னா நைனா, டியூப் லைட்டுக்கா கும்புடு போட்றோம்?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். சரியான கேள்வி. நான் "மூச்ச இழுங்க" என்றேன்.

தொடைவலி கூடியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. "கழிவு வெளியேறுதுக்கா" என்றேன். எங்கோ படித்த வாக்கியம். சில வாரங்களில் கம்பெனிப் படிக்கட்டில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் நான் கட்டிலருகே நின்றிருந்தேன். "பொடிய யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல சார். நான்தான் மறந்துட்டேன்."

நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் போனதும் அக்கா சொன்னார்: "உடு நைனா. நாலு பொம்பளைங்க உங்கிட்ட வந்துக்கினு கீறாங்க. அங்கதான் கொஞ்சம் சிரிக்கிறாங்க."

கம்பெனியைத் திட்ட எனக்கு நன்றாக வரும். அடக்கத்தன்றும் திட்டினேன். திட்டியதில் பொய் இல்லை. ஆனால் அதன் பின்னால்தான் ஒளிந்திருந்தேன்.

எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதை இனி உண்மையென்று உங்களிடம் விட்டுவைக்க மாட்டேன். எஸ்தர் அக்கா எதையும் மறக்கவில்லை. நிறுத்தச் சொன்னது நான்.