திரைமேல் ஒரு துப்பட்டா

வேலை முடியப்போகிற நேரத்தில் பகவதி கழுத்திலிருந்து துப்பட்டாவை உருவிக் கணினித் திரையின்மேல் போட்டு மூடிவிடுவாள். மவுஸை மேசை இழுப்பறைக்குள் தள்ளிச் சாத்துவாள். இனி விரல்களும் விசைப்பலகையும் காதும்தான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் பெண்குரல் மூச்சுவிடாமல் ஓட ஆரம்பிக்கும். தான் கட்டிய வலைத்தளத்துக்குள், பார்வையில்லாத ஒருவர் எப்படி நுழைவாரோ அப்படி அவளே நுழைகிறாள். எங்காவது அந்தக் குரல் வெறுமனே "படம், படம், பொத்தான்" என்று சொல்லிக்கொண்டு போனால், "செத்த மூதி, என்ன படம்னு சொல்லேன்" என்று அதட்டுவாள். பிழை தன்னுடையது என்பது தெரியும். துப்பட்டாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திருத்த உட்காருவாள்.

அந்தக் குரலின் வேகம் அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் பிடிபடும். பாலாநகர் தொழிற்சாலையிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவன் மோகன், "அந்தம்மாவுக்கு இன்னைக்கு என்ன கோவம்?" என்பான்.

"கோவம் அவளுக்கு இல்ல. எனக்கு."

பகவதி, சிகந்திராபாத்தை ஒட்டிய மௌலா அலி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலைக்காகத் திருநெல்வேலியை விட்டு வந்தவர்; பேச்சை விட்டுவிட்டு வரவில்லை. அதனால் பகவதியின் வாயில் 'சொல்லுதேன்', 'தெரியும்லா' எல்லாம் அப்படியே இருக்கின்றன, நடுநடுவே அங்கத்திய உருதுக்காரர்களின் 'நக்கோ'வும் விழும். வேண்டாம் என்பதைவிட நக்கோ என்பது அவளுக்கு வசதி. எதிராளி மறுபடி கேட்க யோசிக்கிறான்.

கிளிப்பச்சைச் சுடிதாருக்கு ராணி பிங்க் துப்பட்டா போடுகிறவள். எல்லாருக்கும் பயன்படும் வலைத்தளம் என்றால் ஆஸ்பத்திரிச் சுவர்போல வெளுத்துக் கிடக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வரும். "பாக்க முடியாதவங்களுக்கும் சேத்துச் செய்யுதேன்னா, பாக்கவங்களப் பட்டினி போடணுமா? நல்லாருக்கே கதை!"

சிகந்திராபாத்தில் சௌந்தரராஜன் நடத்தும் இசைக்கருவிக் கடைக்கு வலைத்தளம் செய்ய ஒப்புக்கொண்டதும் அவள் முதலில் கேமராவோடு போய் நின்றாள். மிருதங்கத்தின் கரணையை, நடுவிலுள்ள அந்தக் கறுப்பு வட்டத்தை, அத்தனை நெருக்கத்தில் எடுத்தாள். திரையில் அது அமாவாசை வானம்போல விரிந்தது. ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்புகளை எடுத்தாள். சிவப்புப் பட்டின்மேல் வீணையைச் சாய்த்து, அதன் யாளி முகத்தை எடுத்தாள். பெரியவருக்குப் பரம சந்தோஷம். மஞ்சள் பின்னணியில் காவி எழுத்து வேண்டும், அதுதான் மங்களகரம் என்றார். அவர் கேட்டபடியே செய்து காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு போனாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தானே கழற்றி வைத்துவிட்டு, "படிங்க" என்றாள். அவர் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

"மங்களம் இருக்கு. எழுத்தத்தான் காணல, என்ன அண்ணாச்சி?"

கும்பகோணத்துக்காரரான அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் அதற்குமுன் யாருமில்லை. ஆரம்பத்தில் முகம் சுளித்தார், பிறகு பழகிப்போனது. எழுத்து அரக்கு நிறமானது.

யார் எதைச் சொன்னாலும் பகவதி பதிலுக்கு ஒன்று சொல்லுவாள். ஆக்னஸிடம் மட்டும் அது செல்லாது. சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஆக்னஸுக்குப் பார்வை கிடையாது. பகவதி செய்வதையெல்லாம் முதலில் ஏறி மிதித்துப் பார்ப்பவள் அவள்தான். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அந்தக் குரல் படிப்பதற்கென்று பகவதி விவரம் எழுதி வைப்பாள். வீணைப் படத்துக்கு யாளியின் வாய், நாக்கு, வரிசைப் பற்கள் என்று எழுதி அனுப்பியதும் ஆக்னஸ் போனில் வந்தாள்.

"ஏய், யாளிக்குப் பல்லு விளக்கியா வச்சிருக்கே? எனக்கு எதுக்குடி அது? குடம் எவ்வளவு பெருசு, மடியில நிக்குமா, வெயிட் என்ன, அதச் சொல்லு."

பகவதி மறுபேச்சில்லாமல் பற்களை எடுத்துவிட்டுக் குடத்தின் அளவையும் எடையையும் எழுதினாள். மறுநாள் மறுபடி போன்.

"பல்லு எங்க போச்சு?"

"நீதானடி வேண்டாம்ன?"

"அது நேத்து. அளவு தெரிஞ்சாச்சுல்ல, இப்ப அழகச் சொல்லு."

ஆக்னஸுக்கு இந்தக் கடையில் ஒரு காரியம் இருந்தது. சர்ச்சுக்குப் புதுக் கீபோர்டு வாங்க வேண்டும். இதுவரை எதை வாங்கினாலும் மச்சினன் திரையைப் பார்த்துப் படித்துச் சொல்லுவான், அவனுக்குப் பிடித்ததை மட்டும் நன்றாகப் படிப்பான். "இந்தத் தடவ எவனும் பக்கத்துல இருக்கக் கூடாது" என்றாள். "இருக்க மாட்டான். நீயே கேட்டு, நீயே எடுப்ப. நான் பொறுப்பு" என்று பகவதி வாக்குக் கொடுத்திருந்தாள்.

சிக்கல் தம்புராவில் வந்தது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சுருதிப் பெட்டி காலைமுதல் தம்புராவாக முனகிக்கொண்டிருக்கும். தளத்தைத் திறந்த உடனேயும் அதேபோலத் தானாகத் தம்புரா ஒலிக்க வேண்டும் என்று சௌந்தரராஜன் ஆசைப்பட்டார். "உள்ள நுழையறச்சேயே நாதம் வரணும்மா. அப்பறம்தானே மத்ததெல்லாம்?"

"நக்கோ, அண்ணாச்சி. அந்த நாதத்துல படிக்கிறவ குரல் முங்கிப் போவும். வேணுங்கவங்க பொத்தான அமுக்கிக் கேக்கட்டும்."

அரை மனதாகத் தலையாட்டினார். ஒப்புக்கொள்ளாதது அவருடைய மகன் கிருஷ்ணகுமார். மாதாப்பூரில் மென்பொருள் வேலை. விடுமுறை நாளில் கடைக்கு வந்து உட்காருவான்.

தளம் வெளியான சனிக்கிழமை காலையில் ஆக்னஸ் கூப்பிட்டாள். குரலில் வழக்கமான கிண்டல் பாதிதான் இருந்தது. "உன் கடைக்குள்ள போனேன் பகவதி. யாரோ தம்புராவ வச்சிட்டு வாசல்லயே உக்காந்திருக்கான். நம்ம படிக்கிற அம்மா பின்னால நின்னு கத்துறா, ஒரு எழுத்து விழல. நிறுத்துற பொத்தான் எங்கன்னும் அவதானே சொல்லணும்? அதுவும் விழல." கொஞ்சம் நிறுத்தினாள். "மச்சினனயே கூப்பிட்டுக்கவா?"

"நக்கோ. போன வச்சிட்டு இரு. இப்பவே கடைக்குப் போறேன்."

ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனாள். கிருஷ்ணகுமார் மறைக்கவில்லை.

"நான்தான் நேத்து ஆட்டோ ப்ளே போட்டேன், மேடம். சைலன்ட்டா இருந்தா இது மியூசிக் ஷாப்பா, மெடிக்கல் ஷாப்பா? போட்டோஸ்லாம் சூப்பர். அதுக்குத் தக்கன சவுண்ட் வேணாமா? ப்ளைண்ட் கஸ்டமர்ஸ் எத்தனை பேர் வந்துடப் போறாங்க?"

"உள்ளயே விடாம எத்தன பேருன்னு எப்படித் தம்பி எண்ணுவீங்க?"

"ஒத்து வரலேன்னா சொல்லிடுங்க. மாதாப்பூர்ல நம்ம ஃப்ரெண்ட்ஸ் செய்யறாங்க. அவங்ககிட்ட குடுத்துக்கறோம்."

இதுவரை அவளுக்குக் கிடைத்த வேலைகளில் பெரியது இதுதான். இதைக் காட்டித்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும். பகவதி அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "தாராளமாக் குடுங்க. ஆனா தளத்தோட அடியில என் பேரு இருக்கிற வரைக்கும் வாசல்ல ஆள உக்கார வச்சு மறிக்க விட மாட்டேன்."

"ரெண்டு பேரும் சித்த சும்மா இருக்கேளா?" என்றார் சௌந்தரராஜன்.

அந்த நேரம் ஒரு பெண்மணி உள்ளே வந்து, அலமாரியிலிருந்த வயலினைக் கேட்டு வாங்கி வில்லை எடுத்தாள். "எந்தச் சுருதி உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே பெரியவரின் கை பக்கவாட்டில் போய்ச் சுருதிப் பெட்டியின் குமிழைத் திருகி அடக்கியது. யார் வாத்தியத்தைக் கையில் எடுத்தாலும் அவர் கை அப்படித்தான் போகும். அது போவது அவருக்கே தெரியாது. வந்த முதல் நாளே பகவதி அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

அந்தப் பெண்மணி வாசித்துப் பார்த்து, யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். பெரியவர் பெட்டியை மறுபடி முனக விட்டார். பகவதி துப்பட்டாவை உருவிக் கல்லா மேசையிலிருந்த கணினித் திரையின்மேல் போட்டாள். ராணி பிங்க் துணி கண்ணாடி மேசைவரை தொங்கியது. மவுஸை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தி, அந்தக் கணினியிலேயே இருந்த படிக்கும் குரலை முடுக்கி நடை வேகத்துக்கு இறக்கி வைத்து, தளத்தைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, உங்க கடையில ஒரு வீணை வாங்குங்க. இந்தச் சாவிய அமுக்கி அமுக்கிப் போனா அவ சொல்லுவா."

துணிக்குப் பின்னாலிருந்து தம்புரா எழுந்தது. பெட்டியிலிருந்த தம்புரா ஒரு சுருதி, இது வேறு சுருதி. பெரியவருக்கு முகம் கோணியது. பெட்டியின் குமிழைத் திருகி நிறுத்தினார். சாவியை அமுக்கினார். நாதத்துக்கு அடியில் ஒரு பெண்குரல் புதைந்து முணுமுணுத்தது. தலையைச் சாய்த்தார், மறுபடி அமுக்கினார், காதைத் துணியோடு ஒட்டினார்.

"என்ன சொல்றாள்? ஒண்ணும் புரியலையே!"

கை தானாகப் பக்கவாட்டில் போய்க் குமிழைத் திருகியது. பெட்டி ஏற்கெனவே அணைந்துதான் கிடந்தது. இன்னும் அழுத்தித் திருகினார். தம்புரா நிற்கவில்லை. அவர் குமிழிலிருந்து கையை எடுக்காமல் பகவதியைப் பார்த்தார்.

"நக்கலா பண்றீங்க? இருங்கப்பா, நான் காட்டறேன்" என்று கிருஷ்ணகுமார் துணியை இழுக்கக் கை நீட்டினான்.

பகவதி கண்ணாடி மேசைமேல் விற்பனைக்கு வைத்திருந்த ஜோடித் தாளத்தை எடுத்தாள். கயிற்றை அவிழ்த்து, துப்பட்டாவின் ஒரு முனையில் ஒரு தாளத்தையும் மறு முனையில் இன்னொன்றையும் கவிழ்த்து வைத்து, அவன் இழுத்தாலும் துணி நகராதபடி இரண்டின்மேலும் உள்ளங்கைகளை ஊன்றிக்கொண்டாள்.