மாஸ்டரின் வலது கால்

"மஞ்சள்ம்மா, மஞ்சள்!" என்று கத்தி முடிப்பதற்குள் மாஸ்டரின் வலது கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த கேக் கடைக்காரம்மாவின் மூக்குக் கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"போயிருக்கலாமே மாஸ்டர்?"

"நீங்க போயிடுவீங்க. அபராதம் யாருக்கு வரும்?"

மாஸ்டருக்குத்தான் வரும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பழகுகிறவர் என்ன தப்பு செய்தாலும், பக்கத்தில் இரண்டாவது பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. பெற்ற பிள்ளை செய்த தப்புக்குத் தலைகுனிவதில் ஒரு நியாயமாவது உண்டு. இவர் முன்பின் தெரியாதவர்கள் செய்ததற்கெல்லாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

கட்டித் தொலைத்தால் தீர்ந்தது என்றுதான் வெகுநாள் இருந்தார். பிழைக்க வந்த இந்த நாட்டில் குடியுரிமைக்கு மனு போட்ட பிறகுதான் வினை தெரிந்தது. கல்லூரி மாணவன் ஒருவன் பள்ளிக்கூடத் தெருவில் பறந்தது, ஒரு புதுமாப்பிள்ளை சிவப்பு விளக்கைத் தாண்டியது, ஒரு டீச்சர் நோ பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதது என எல்லாம் மாஸ்டர் பெயரில் வரிசைகட்டி நின்றன. குடியுரிமை அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி கோபப்படக்கூட இல்லை.

"எல்லாம் சின்ன விஷயம்தான் சார். ஆனா அடிக்கடி நடக்குதே. ஒரு வருஷம் சுத்தமா இருந்துட்டு வாங்க."

"நான் என்ன குளிக்காமலா போனேன்?" என்று மாஸ்டர் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மனைவிக்கும் மகளுக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. மனைவிக்குக் கார் ஓட்டவே தெரியாது, அதனால் அவள் பெயரில் ஒரு கறையும் இல்லை. விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசை, இவர் மட்டும் வேறு வரிசை. போன தடவை இவர் வெளியே வருவதற்குள் மகள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெட்டியின்மேல் சாய்ந்து தூங்கியே போயிருந்தாள். அந்தக் காட்சி அவரை விட்டபாடில்லை.

அன்றிலிருந்து அவருடைய வலது காலுக்கு ஓய்வு கிடையாது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கிறார். சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் ஓடினாலும் மிதிக்கிறார். தூக்கத்திலும் மிதி விழுகிறது. "என் காலு என்ன பிரேக்கா?" என்று மனைவி போர்வையை உருவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளியோ, "உங்ககிட்ட படிச்சவங்களுக்கு வண்டியை நிறுத்த மட்டும்தான்யா தெரியுது" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

அதிகாரி சொன்ன கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று புதன்.

அடுத்த சந்திப்பிலும் சிவப்பு விழுந்தது. கம்பத்தில் கேமரா. கேக் கடைக்காரம்மா கோட்டைத் தொடாமல் அழகாக நிறுத்தினார். மாஸ்டர் மூச்சு விட்டார். அப்போதுதான் பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது. ஒரு பக்கம் லாரி, மறு பக்கம் தடுப்புச் சுவர். இவர்கள் கோட்டைத் தாண்டி ஒதுங்கினால்தான் அதற்கு வழி. கேமராவுக்கு ஆம்புலன்ஸ் எல்லாம் தெரியாது. தாண்டினால் தாண்டியதுதான். பிறகு மாதக்கணக்கில் அலைந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

"மாஸ்டர், என்ன செய்யட்டும்?"

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் கையைக் கையை ஆட்டினான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கக்கூடாதாய்யா உங்களுக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்துப் பொரிந்தார். லாரியைத் திட்டினார். கேமராவைத் திட்டினார். இவ்வளவு ஒடுக்கமாகச் சாலை போட்டவனைத் திட்டினார்.

"மாஸ்டர்!"

"காது கேக்குது. முதல் கியர் போடுங்க. ரெண்டு பக்கமும் பாத்து, மெதுவா முன்னாடி போய் ஓரம் கட்டுங்க."

"சிவப்பு மாஸ்டர்..."

"எனக்குத் தெரியாதா சிவப்புன்னு? போங்கம்மா!"

கார் கோட்டை நோக்கி நகர்ந்தது. வலது கால் தானாக பிரேக்குக்கு எழுந்தது. மாஸ்டர் குனிந்து, அந்தக் காலை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே இழுத்துப்போட்டு, சீட்டின்மேல் சம்மணம் கொட்டி உட்கார்ந்துகொண்டார்.