மருமகன் ஓட்ட மறுத்த கோப்பு

வீட்டு மருமகனைப் பற்றி வெளியில் எழுதலாமா என்று வருடக்கணக்காகத் தயங்கினேன். நல்லதைத்தானே சொல்கிறோம் என்ற நம்பிக்கையில், அல்லாஹ்வின் பெயரால் இப்போது எழுதுகிறேன்.

மடிக்கணினியிலிருந்து அவர் கையை எடுத்த அந்தக் கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பல்கலைக்கழகப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதச் சொன்ன காலம். அதற்கு இளைய மகள் ஒரு மென்பொருளைப் பதிந்தாக வேண்டும். எங்களிடம் இருந்ததோ லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி. வந்த கோப்பு, ஓடவிட்டால் தன்னைத்தானே பிரித்துப் பதிந்துகொள்ளும் வகை. மகள் தட்டிப் பார்த்தாள். விளங்காத எழுத்துகளாகக் கொட்டியது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பரீட்சை. மூத்த மகளின் கணவரைக் கூப்பிட்டோம். எங்கள் ஊர் வழமைப்படி மகளுக்குக் கொடுத்த வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "சரி மாமா"தான்.

கோப்புக்கு அனுமதி கொடுத்து அவர் ஓட்டினார். அது தன்னையே சரிபார்த்து, பிழை என்று நின்றுவிட்டது.

"மச்சான், அந்தச் செக்க விட்டுட்டு ஓட்டலாமாம், கூட்டாளி சொல்றா," என்று மகள் அழாக்குறையாகப் போனை நீட்டினாள்.

"ஓட்டுங்க மருமகன், புள்ளட சோதன," என்றேன் நானும்.

அவர் கையை எடுத்தார். "ஏலா மாமா." முடியாது என்று அவர் என்னிடம் சொன்னது அதுவே முதல்முறை. "ஃபைல் முழுசா வந்து சேரல்ல. குறையோட ஓட்டினா சோதனைக்கு நடுவுல நிண்டுபோகும்."

"சோத்த வெச்சாலும் உப்புப் பாத்துப்போட்டுத்தானே திம்பாரு," என்றாள் மூத்தவள். யாரும் சிரிக்கவில்லை.

கோபம் எனக்குத் தலைக்கேறியது. ஷைத்தானை விரட்டும் அஊது ஓதி அடக்கினேன். அவர் போனோடு, இளையவளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த மேல்மாடிக்கு ஏறினார். வெயிலில், கம்பிகளுக்கு நடுவே சிக்னல் தேடி நின்று, கோப்பை முதலிலிருந்து இறக்கினார். நான் மணிக்கூட்டையும் படியையும் மாறி மாறிப் பார்த்தபடி ஸலவாத்து ஓதினேன். பாங்கு சொல்லியும் அவர் இறங்கவில்லை. இளையவள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இறங்கி வந்து, கோப்பைப் போனிலிருந்து மடிக்கணினிக்கு மாற்றி, பிஸ்மி சொல்லி ஓட்டினார். இம்முறை சரிபார்ப்பைத் தாண்டி வரிவரியாக ஓடியது. பரீட்சைப் பக்கம் திறக்க, மகள் உட்கார்ந்தாள்.

தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்யப் போனவர் வாசலில் நின்று, என் முகம் பாராமல், "ஏலா எண்டுபோட்டன் மாமா, மனசில வெக்காதீங்க," என்றார்.

"ஏலாததுக்கு ஏலா எண்டுதானே சொல்லணும், மகன்." அன்றுதான் அவரை முதன்முதலாக மகன் என்று அழைத்தேன்.

இளையவள் இன்று ஆசிரியை. அவர் இப்போதும் "சரி மாமா" என்கிறார். அது எனக்குப் பயந்து சொல்லும் சரி அல்ல என்று நான் அறிவேன்.

இதை யாருக்காவது சொல்வதென்றால், மருமகன் மாமனாரை எதிர்த்துப் பேசினார் என்று மாற்றிவிடாதீர்கள். "ஏலா மாமா" என்றார். அந்த "மாமா"வை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.