குறைத்து வைத்த ரேடியோ

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை ஓட்டியதால் அவரை மருந்துக்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருடைய அண்ணன் அப்படியல்ல, அதே விமானத் திடலிலிருந்து தபால் பைகளை ஏற்றிக்கொண்டு பறந்த சாது மனிதர்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் அண்ணன் சொல்லி அனுப்பவில்லை என்பதுதான் சண்டை. "வேலைக்கு நடுவுல உன்னை அலைய வைக்க வேணாம்னு நெனச்சேன்டா" என்றார் அண்ணன். அம்மா போன பிறகு அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

பேசாமல் இருக்க அந்தத் திடல் தோதான இடமில்லை. "நீ இறங்கு, நீ பொறு" என்று சொல்லக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, எரிபொருள் நிரப்புகிற ஒருவர், அவ்வளவுதான். பறக்கிறவர்களே எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்வதையும் கேட்க வேண்டும். மருந்துக்காரர் தன் பங்குக்குச் சொல்லிவிடுவார். அண்ணன் குரல் வந்தால் மட்டும் கை தானாகப் போய் ஒலியைக் குறைத்துவிடும். இரண்டு வருஷம் இந்த வீம்பு ஓடியது.

ஒரு நாள் காலையில் ஒலியைக் குறைத்தவர் மறுபடி கூட்ட மறந்துபோனார். "இறங்க வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தாழ்ந்தார். நேர் கீழே அண்ணனும் இறங்கிக்கொண்டிருந்தார். தம்பியின் விமானத்துக்கு இறக்கை கீழே. அண்ணனுடையதற்கு இறக்கை தலைக்கு மேலே. இவருக்கு அடியில் இருப்பது தெரியாது, அவருக்கு மேலே இருப்பது தெரியாது. எரிபொருள்காரர் ஓடுபாதைக்கே ஓடிவந்து சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். அது கண்ணில் பட்டு மருந்துக்காரர் சட்டென்று விமானத்தை மேலே இழுத்துத் திருப்பியபோதுதான் அந்த வெள்ளை இறக்கையைப் பார்த்தார். இடையில் ஓர் ஆள் உயரம்கூட இல்லை.

"உங்க அண்ணன் ரேடியோவுல மூணு தடவ கத்துனாரே, காதுல விழலயா?" என்று எரிபொருள்காரர் கேட்டார். மருந்துக்காரர் விமானத்துக்குள் கையை விட்டு ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமே அண்ணன் விமானத்தை விற்றுவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டதாம். மருந்துக்காரர் நம்பினார். உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் அவருக்குக் கூசும்.

நாலு வருஷம் கழித்து அண்ணன் மாரடைப்பில் போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, சமையலறையில் வைத்து அண்ணி சொன்னார்.

"அவர் கண்ணுக்கு ஒண்ணுமில்ல தம்பி. 'என் குரல் கேட்டா அவன் காதை அடைச்சுக்கறான். நானும் வானத்துல இருந்தா அவன் உசுருக்கு ஆபத்து'ன்னு பறக்கறதையே விட்டுட்டாரு."

அலமாரியில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. விமானத்திலிருந்து பேசுவதைக் கேட்க மட்டும்தான் முடியும், பதில் பேச முடியாது.

"தினமும் இத வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீங்க இறங்கிட்டேன்னு சொன்னப்புறம்தான் சாப்பாட்டுத் தட்டுல கை வைப்பாரு."

மருந்துக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணி தடுக்கவில்லை.

மறுநாள் பகல் வேலை முடிந்து இறங்கினார். ஓடுபாதையை விட்டு விலகி, ஒலியை முழுக்கக் கூட்டி வைத்துவிட்டு, பேசும் பொத்தானை அழுத்தினார்.

"இறங்கிட்டேண்ணா. நீ சாப்பிடு."