பரிகுலின் இரண்டு படங்கள்

உதட்டுச் சாயம் பூசி முடிக்காமல் பரிகுல் போனைத் தொடமாட்டாள். கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, கண்ணாடி முன் நின்று, அடர்சிவப்பில் இரண்டு இழுப்பு. உதடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பார்த்துக்கொண்ட பிறகுதான் தன் படத்தைத் தேட ஆரம்பிப்பாள். பத்து வருடத்துக்கு முன் ஒரு கிரேக்கத் தீவில் ரப்பர் படகிலிருந்து இறங்கியபோது யாரோ எடுத்த படம். அதை இன்னும் யாராவது எங்காவது பகிர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கண்ணில் பட்டதும் அடியில் எழுதுவாள்: "இது நான்தான். பேர் பரிகுல். சொந்த ஊர் ஹெராத். ஏதென்ஸில், கிப்செலியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். ஞாயிறு, திங்கள் விடுமுறை." ஐயோ பாவம் என்று அழுகிற பொம்மை போட்டவர்களுக்கும் இதே பதில், இவர்களைத் திருப்பி அனுப்பு என்று கத்துகிறவர்களுக்கும் இதே பதில்.

பக்கத்துக் கடை என்னுடையது. போன் ரிப்பேர். நானும் ஆப்கானிதான், மஸாரிலிருந்து வந்தவன். எதற்கு இந்த வெட்டி வேலை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, ஊரெல்லாம் உன் போட்டோவ ஒட்டி 'காணவில்லை'ன்னு போட்டிருந்தா நீ பாத்துட்டு சும்மா போவியா? இந்தா இருக்கேன்னு சொல்ல மாட்டியா?"

உண்மையில் படங்கள் இரண்டு. எங்கள் பக்கத்தில் முதல்முறையாக ஒரு வீட்டுக்குப் போகும்போது இருப்பதிலேயே நல்ல உடுப்பைத்தான் போட்டுக்கொள்வோம். அழுக்கும் கிழிசலுமாகப் போய் நின்றால் அந்த வீட்டுக்காரருக்கு அவமரியாதை. பரிகுலும் அப்படியே செய்தாள். ஜரிகை வைத்த கருஞ்சிவப்பு வெல்வெட், கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம். கடலைத் தாண்டி ஒரு புது தேசத்துக்குப் போகிறோமே! கரையில் ஒருவன் அவளை அந்தக் கோலத்திலேயே எடுத்தான். இன்னொருவன் அவள்மேல் சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்திவிட்டு எடுத்தான். கம்பளிப் படத்தைப் பார்த்து ஊர் உலகம் உருகியது. வெல்வெட் படத்தைப் பார்த்து, இவளா அகதி, கல்யாணத்துக்கல்லவா வந்திருக்கிறாள் என்று காறித் துப்பியது. எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் எரிச்சல்தான். இரண்டு படத்திலும் கண்ணில் நீர் நிற்கிறது. எதற்கு அழுதாள் என்று நானும் கேட்டதில்லை.

வெல்வெட் படத்தின் அடியில் வாய்க்கு வந்தபடி எழுதிய ஒரு கிரேக்கப் பெண்மணி, கடை எங்கே என்றுதான் தெரிந்துவிட்டதே என்று சண்டைக்கே வந்தாள். வந்தவள் புருவம் திருத்திக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் மாதம் தவறுவதில்லை. மன்னிப்பு கேட்டாளா என்றால், "எனக்கெதுக்கு மன்னிப்பு? தலைய ஆட்டாம உக்காந்தா போதும்" என்கிறாள் பரிகுல்.

போன வாரம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பேசினார்கள். குளிர்காலத்துக்கு உதவி கேட்டு விளம்பரம் செய்யப் போகிறார்களாம், போனிலும் வரும், நகரமெங்கும் பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டுவார்களாம். அந்தக் கம்பளிப் படம் அவர்கள் கையில் இருக்கிறது. பரிகுல் மறுத்தாள். கடையில் கத்தரிக்கோலோடு நிற்கிறேன், வேண்டுமானால் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்று மனோலிஸ் என்பவனை அனுப்பினார்கள்.

மரியாதையான ஆள், இருபத்தைந்து வயதிருக்கும். நான் அவள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து ஒரு கறுப்புச் சால்வையை எடுத்தான். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, இதைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார முடியுமா என்று கேட்டான். பரிகுல் முடியாது என்றாள்.

"நான் என்னம்மா பண்றது? சிரிச்ச மூஞ்சிய பாத்தா யாரும் குடுக்க மாட்டாங்களாம். சோகமா வரலேன்னா பழைய படத்தையே போட்டுருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் இந்த எட்டு வருடத்தில் பரிகுலின் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். போனில் வந்தால் அடியில் பதில் எழுதலாம். பஸ் நிறுத்தத்தில் ஒட்டினால் எங்கே போய் எழுதுவாள்? அவள் மகளும் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

 பரிகுல் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "மூஞ்சியா இது, முள்ளுக்காடு. இரு, சரி பண்றேன்." அவளைச் சமாதானப்படுத்தினால் போதும் என்று அவனும் உட்கார்ந்தான். அவன் கொண்டுவந்த சால்வையையே அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். நூல் இடது புருவத்தில் இறங்கியது. அதில் அழாதவர் யாருமில்லை. அவன் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது. அந்தக் கணத்தில் தன் போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள்.

வாங்கிப் பார்த்தேன். கறுப்புச் சால்வை, சிவந்த கண், கன்னத்தில் நீர். வீடு வாசலெல்லாம் இழந்தவன் மாதிரி இருந்தான்.

"எவ்ளோ சோகம் பாரு. போடவா?"

"ஐயோ வேண்டாம்மா. நான் அழல. நூல் இழுத்ததுல வந்த தண்ணி."

"எனக்குப் படகுல ஒரு செருப்பு போயிருச்சு. இவ்ளோ அலங்காரம் பண்ணிட்டு ஒத்தச் செருப்போட வந்து நிக்கிறோமேன்னு வெக்கம். அதான் அழுதேன். ஒருத்தன் கேக்கல."

  பரிகுல் போனை அவன் கையில் கொடுத்து, நீயே அழித்துவிடு என்றாள். அவன் அழித்தான். எழுந்திருக்கப் போனவன் கண்ணாடியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு புருவம் வில்லாக வளைந்திருந்தது. இன்னொன்று புதராகவே இருந்தது.

"ஆபீசுக்குப் போன் போடு. அந்தப் படம் வேணாம், கத்தரிக்கோலோட எடுத்துட்டு வரேன்னு சொல்லு. அப்புறம் அந்தப் பக்கத்தப் பாப்போம்."

மனோலிஸ் என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். அவன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பரிகுல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் சுற்றி, அவன் முகத்துக்கு நேரே விறைப்பாகப் பிடித்தபடி நின்றாள்.