நெம்மேலியில் எடுத்த சிரிப்பு ஷாட்

காலையிலேயே ஃப்ரீசர் பெட்டிக்காரர் போன் செய்துவிட்டார். "அச்சரப்பாக்கத்துல ஒரு சாவு. நாலு மணிக்குப் பெட்டி எனுக்கு வந்தாவணும். உங்களுது பொய்ச் சாவு, அது நெஜம்" என்றார். சாவு சீனுக்காக அவரிடம் வாடகைக்கு எடுத்த பெட்டி அது.

நான் மேக்கப்மேன். பெரிய கம்பெனிப் படங்களில் தலை நரைக்கும்வரை முகம் துடைத்துவிட்டு, இந்தச் சின்னப் படத்துக்கு வந்திருந்தேன். கேரவன் கிடையாது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் சேர். ஷாட்டுக்கு வேண்டுமென்றால் அதையும் எழுந்து கொடுத்துவிட வேண்டும். கதை ரொம்பச் சிறியது. நடுவயதில் இரண்டு நண்பர்கள், ஒருவர் இறந்துபோகிறார், மற்றவர் என்ன ஆகிறார் என்பதுதான் படம். டைரக்டர் கார்த்தி நடிகர்களைத் தேடவில்லை. மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டும் ஏழுமலையையும், அவருடைய கூட்டாளி வெல்டர் மாணிக்கத்தையும் கூட்டி வந்துவிட்டார். அன்றைக்கு நெம்மேலியில் கடலை ஒட்டிய ஒரு வீட்டில் சாவு சீன். மாணிக்கம் பிணம். ஏழுமலை அழ வேண்டும்.

மாணிக்கத்துக்கு மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் தளர்வாகக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி முடித்தேன். அடுத்து ஏழுமலை வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாத்த, கண்ணுக்கு அந்தத் தண்ணி போடாத. தானா வரணும்."

"ஏன், கிளிசரின் போட்டா இன்னா கொறஞ்சிடுவியா?" என்றேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

அவர் கோபப்படவில்லை. "எங்க கூட்டாளி செட்டுல என்னையும் மாணிக்கத்தையும் சேத்து மூணு பேரு. தாஸுன்னு ஒருத்தன். போன வருசம் டூட்டியிலயே நெஞ்சு வலி, பூட்டான். அவன் சாவுல நான் ஒரு சொட்டு அழல. பந்தலு, ஐஸ் பெட்டி, கல்லறைல குழி, வந்தவங்களுக்கு டீன்னு ஓடிக்கினே இருந்தேன். அவன் பொண்டாட்டி மேரி அதுலேர்ந்து என்னாண்ட பேசறதில்ல. கல்லு நெஞ்சுக்காரன்னு சொல்லிச்சாம். சொன்னா சொல்லட்டும். எனுக்கே இப்ப டவுட்டா கீது. அதான் இதுக்கு ஒத்துக்கினேன். இங்கயாவது அழுகை வருதா பாப்போம்."

கிளிசரின் பாட்டிலை மேக்கப் பெட்டிக்குள் போட்டேன்.

முதல் டேக். மாணிக்கத்தை ஃப்ரீசர் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடினோம், ஏழுமலை தலைமாட்டில் உட்கார்ந்தார். கார்த்தி ஆக்‌ஷன் சொல்லி வாய் மூடவில்லை, இவர் எழுந்துவிட்டார். "பிளக்கு லூசா கீது" என்று சுவரோரம் போய்க் குனிந்தார். கட். அடுத்த டேக்கில், வருகிறவர்களுக்குச் சேர் பத்தாது என்று நாலு சேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கடுத்து, மைக் பிடித்துக்கொண்டிருந்த பையனையே டீ வாங்கி வரச் சொன்னார். கேமரா அவர் பின்னாலேயே ஓடியது.

"அண்ணா, உக்காந்து அழுங்கண்ணா! அது மட்டும்தான் உங்க வேலை!"

"வரல தம்பி. காலு நிக்க மாட்டேங்குது."

ஒவ்வொரு டேக் முடிந்ததும் மூடியைத் திறந்தால் மாணிக்கம் உள்ளிருந்து கத்துவார்: "மச்சான், சீக்கிரம் அழுது தொலைடா! குளுருல நெஜமாவே பூடுவேன் போலக்கீது!"

மத்தியானம் தாண்டியதும் கார்த்தி என்னிடம் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் கிளிசரின் போட்டேன். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வந்தது. முகமோ, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும் முகமாகவே இருந்தது. ஏழுமலை துண்டால் துடைத்துக்கொண்டு, "நான் தேற மாட்டேன், வுட்டுடுங்க" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது.

மூன்றரைக்கே பெட்டி வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. கார்த்தி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். பேக்கப்.

நான் குறுக்கே போய் நின்றேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போகக் கூடாது. கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும். அந்த ஷாட் படத்தில் வராது. நடித்த சாவு அவரை விட்டுப் போனது என்பதற்கு மட்டும்தான்.

"வண்டி நிக்குதுண்ணா. இதெல்லாம் மூடநம்பிக்கை" என்றார் கார்த்தி.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சிரிப்பு ஷாட் எடுக்காம பஞ்ச எடுக்க மாட்டேன். நாளைக்கு அந்தாளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவர் பொண்டாட்டிக்கு நீயா பதில் சொல்லுவ?"

முணுமுணுத்துக்கொண்டே கேமராவை ஆன் செய்தார்கள். மாணிக்கம் பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தார். குளிரில் விறைத்த வாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஏழுமலை பக்கத்தில் போய், "இன்னாடா, உன் கல்யாணத்துல கூட இவ்ளோ லட்சணமா இல்லியே நீ" என்றார். மாணிக்கம் வெடித்துச் சிரித்தார். நெற்றிக் காசு தெறித்து விழுந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஏழுமலையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார்.

"தாஸுக்கு இப்டி ஒண்ணு எடுக்கலியேடா மச்சான். அவன எழுப்பி ஒக்கார வெச்சு சிரிக்க வெக்கலியேடா."

பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷத்து அழுகை. மாணிக்கம் மூக்குப் பஞ்சோடு அவர் தலையைக் கட்டிக்கொண்டார். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் போகவில்லை. எனக்கும் தாங்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கார்த்தி மெதுவாக வந்தார். "அண்ணா, இதத்தான் காலைலேர்ந்து கேட்டேன். படத்துல வெச்சுக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை சொன்னார்: "வேணாம் தம்பி. இது படத்துக்கு அழுததில்ல."

கார்த்தி திரும்பி கேமராவை நிறுத்தச் சொன்னார். பிறகு சரி என்று தலையாட்டினார். அந்த வயதில் அது பெரிய மனசு. நான் பார்த்த பெரிய டைரக்டர்கள் பலர் விட்டிருக்க மாட்டார்கள்.

எடிட்டிங்கில் அவர் வீணாய்ப் போன டேக்குகளையே எடுத்துக் கோத்தார். பிளக்கைப் பார்ப்பது, சேர் தூக்குவது, டீ சொல்வது. சாவு சீன் அவ்வளவுதான், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவர் அழவில்லை என்றதும் பாட்டிலைத் திறக்காதீர்கள். அவர் கையும் காலும் என்ன செய்கின்றன என்று முதலில் பாருங்கள்.

செங்கல்பட்டில் ஒரு சின்ன ஹாலில் படத்தைத் திரையிட்டோம். மாணிக்கம் யாரிடமும் சொல்லாமல் மேரியைக் கூட்டி வந்திருந்தார். முடிந்து விளக்குப் போட்டதும் அந்தம்மா நேராக எங்கள் வரிசைக்கு வந்து ஏழுமலை முன்னால் நின்றார்.

"அன்னிக்கும் இப்டித்தான் ஓடிக்கினு இருந்தியாண்ணா?"

ஏழுமலை நிமிர்ந்து பார்க்கவில்லை. விருட்டென்று எழுந்தார். "நேரமாவுதும்மா, பஸ்ஸு கெடைக்காது. இரு, போய் ஆட்டோ சொல்லிட்டு வந்துர்றேன்."

மேரி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோ கெடக்குது. நீ ஒக்காருண்ணா."

அவர் உட்கார்ந்தார்.