கீறல் விழாத எட்டு நுண்ணோக்கிகள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. தலைமையாசிரியர் முதல் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லோருக்கும் அவள் சாவியம்மா. பதினேழு வருடமாக அறிவியல் ஆய்வகத்தின் உதவியாளர். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தின் சத்தம் அவளுக்கு முன்னால் வந்துவிடும். அதைக் கேட்டதும் வராந்தாவில் ஓடுகிறவர்கள் நடக்க ஆரம்பிப்பார்கள்.

ஆய்வகத்துக்கென்று அவள் போட்டு வைத்த சட்டம் ஒன்று உண்டு. உள்ளே நுழைகிறவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "கண்ணால பாருங்க, கையால பாக்காதீங்க" என்பாள். நாற்பது பிள்ளைகளும் கையைக் கட்டியபடி வரிசையாக வந்து, கண்ணாடி அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே வரிசையாகத் திரும்பிப் போவார்கள். கால அட்டவணையில் இதற்குச் செய்முறை வகுப்பு என்று பெயர்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பெண் கை தவறிக் கண்ணாடிக் குடுவை ஒன்றை உடைத்துவிட்டாள். அந்த ஒற்றைக் குடுவைக்காகச் சாவியம்மா மூன்று முறை விளக்கக் கடிதம் எழுதினாள். இரண்டு நாள் கல்வி அலுவலகத்து வாசலில் கால் கடுக்க நின்றாள். கடைசியில் ஒரு அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தாமல், "பொறுப்பில்லாதவங்களையெல்லாம் ஏன்தான் வேலைக்கு எடுக்கிறாங்களோ" என்றார். அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கையில் ஒரு சோதனைக் குழாய்கூட உடைந்ததில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இருப்பதெல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டும், அவர்களும் உலகத்தோடு போட்டி போட வேண்டும் என்று கோடிகளை ஒதுக்கினார்கள். நினைப்பு நல்ல நினைப்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'சமவாய்ப்பு உலகத்தரத் திட்டம்' என்று பொறித்த பலகை ஆய்வகக் கதவை விட அகலமாக வந்து இறங்கியது. கூடவே எட்டு நுண்ணோக்கிகளும் வந்தன. ஒரு பெரிய மனிதர் ரிப்பன் வெட்டினார். ஒரு மாணவியை நுண்ணோக்கிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை உறைக்கு மேலேயே கண்ணை வைத்துச் சிரித்தது.

அதோடு சரி. எட்டும் அலமாரிக்குள் போயின, சாவி இடுப்புக்கு வந்தது.

வருடா வருடம் சரிபார்ப்பு அதிகாரி ஒரு படிவத்தோடு வருவார். எத்தனை இருக்கிறது, எத்தனை உடைந்தது, எத்தனை காணவில்லை என்று அதில் மூன்றே கட்டங்கள். எந்தப் பிள்ளையாவது இதைத் தொட்டதா என்று கேட்கிற கட்டம் ஒன்று அதில் இல்லை. இவ்வளவு பெரிய திட்டத்தைத் தீட்டிய மூளைகளுக்கு அது மட்டும் எப்படித் தோன்றாமல் போனதோ.

உயிரியல் வாத்தியார் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "தாராளமா எடுத்துக்குங்க சார். கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள் சாவியம்மா. அவர் பேனாவை எடுத்தார், யோசித்தார், மறுபடி சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் நுண்ணோக்கியை அழகாக வரைந்தார். பிள்ளைகளும் வரைந்து, பதின்மூன்று பாகங்களையும் அம்புக்குறி போட்டு எழுதிக் காட்டினார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண். அவர் மனசாட்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படி வரைந்தவர்களில் சாவியம்மாவின் ஒரே மகளும் ஒருத்தி. பத்தாம் வகுப்பு. படிப்பில் படுசுட்டி. அரசாங்கமே நடத்துகிற சிறப்பு அறிவியல் பள்ளிக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். அங்கே இடம் கிடைத்தால் இரண்டு வருடம் தங்கிப் படிக்கலாம், அதன் பிறகு எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். எழுத்துத் தேர்வில் மகள் முதலாவதாக வந்தாள். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும்தான். சாவியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுப் பெட்டியே வாங்கி வைத்துவிட்டாள்.

தேர்வு நாளன்று மண்டபத்துக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் காத்திருந்தாள். மகள் எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பேருந்தில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.

"மைக்ராஸ்கோப் வச்சிருந்தாங்கம்மா. வெங்காயத் தோலைப் பாத்து வரையணும்."

"உனக்குத்தான் எல்லாப் பாகமும் தெரியுமே."

"பேரு தெரியும். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியல. பெரிய திருகைச் சுத்தினேன். லென்ஸ் இறங்கி ஸ்லைடு நொறுங்கிடுச்சு."

சாவியம்மாவின் கை தன்னை அறியாமல் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டது. நொறுங்கியது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது பழைய பயம்தான்.

"திட்டினாங்களா?"

"இல்லம்மா, நல்ல மாதிரிதான் கேட்டாங்க. உங்க ஸ்கூல்ல மைக்ராஸ்கோப் இல்லையாம்மான்னு." மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்லைன்னு சொல்லிட்டேன். இருக்குன்னு சொன்னா, அப்புறம் ஏன் தெரியலன்னு கேப்பாங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு கேப்பாங்க."

இறங்கும் இடம் வரைக்கும் சாவியம்மாவுக்குத் தன் உடம்பே அருவருப்பாக இருந்தது.

இடம் கிடைக்கவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

முடிவு வந்த மறுநாள் காலையில், யாரும் வருவதற்கு முன்பே அவள் ஆய்வகத்தைத் திறந்தாள். அலமாரியைத் திறந்து எட்டு உறைகளையும் உருவி எறிந்தாள். இத்தனை வருடம் தினமும் வெளிக் கண்ணாடியைத் துடைத்தவள் உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. உறைக்குள் காற்றுப் போகாமல் புழுங்கி, லென்ஸ் முழுக்கப் பூஞ்சை நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது. திருகுகள் இறுகிப்போய் அசையவில்லை. ஊசிப்போன வாடை அடித்தது. வெளியே மட்டும் ஒரு கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது.

அந்த வாரமே சரிபார்ப்பு அதிகாரி வந்தார். விரலை நீட்டி எட்டையும் எண்ணினார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். மத்த ஸ்கூல்ல எல்லாம் பாதி போச்சு. இங்க ஒரு கீறல்கூட இல்ல. சிறந்த பராமரிப்புக்கு உங்க ஸ்கூலைத்தான் எழுதப் போறேன். ரெண்டாவது கட்டத்துல இன்னும் பதினாறு வரும்."

தலைமையாசிரியர் நெளிந்து குழைந்து கும்பிட்டார். படிவம் சாவியம்மாவிடம் வந்தது. உடைந்தது என்ற கட்டத்தில் அவள் எட்டு என்று எழுதினாள்.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது? எல்லாம் முழுசா நிக்குதே."

"உள்ள பாருங்க சார்."

அவர் பாவம், குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வெளிச்சம் பத்தல. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கும் பதின்மூன்று பாகங்களின் பெயர் தெரிந்திருக்கலாம்.

"பூஞ்சை பிடிச்சு அழுகிப் போச்சு சார். பூட்டி பூட்டி நான்தான் பாழாக்கினேன். பிள்ளைங்க ஒருத்தர்கூட தொட்டதில்ல. அதையும் எழுதிக்குங்க."

"வாயை மூடிட்டு இரும்மா," தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். "வர்றதையும் கெடுத்துடாத."

அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் எழுதிய எட்டை அடித்துவிட்டுச் சுழியம் போட்டார். சுழியத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். நேர்மையான மனிதர், திருத்தம் செய்தால் கையெழுத்துப் போடாமல் விடமாட்டார். தூ.

புதுக் கல்வியாண்டு தொடங்கிய இரண்டாம் வாரம் பதினாறும் வந்து இறங்கின. கூடவே பராமரிப்புச் சான்றிதழும், புதுப் பூட்டுப் போட்ட புது அலமாரியும் வந்தன. தலைமையாசிரியர் சான்றிதழைத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். சாவியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பதினோராம் வகுப்புக்கு அன்றைக்குச் செய்முறை இருந்தது. அவள் பதினாறு உறைகளையும் கத்தரியால் கிழித்து, மேஜைக்கு ஒன்றாக வைத்தாள். பக்கத்திலேயே வெங்காயத் தோலும் ஸ்லைடும் வைத்தாள். உயிரியல் வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார். யார் பதில் சொல்வது என்று அவர் கேட்பதற்குள், "நான் சொல்லிக்கிறேன் சார்" என்றாள்.

பிள்ளைகள் வரிசையாக வந்து மேஜைகளைச் சுற்றி நின்றார்கள்.

"எடுங்க. திருகிப் பாருங்க. உடைஞ்சா உடையட்டும்."

யாரும் அசையவில்லை. சாவியம்மா இதில் ஏதோ சோதிக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாற்பது பேரும் கையைப் பின்னால் கட்டியபடியே, அடக்க ஒடுக்கமாக, கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் மேஜையில் அவள் மகள் நின்றாள். அவளும் அப்படியேதான் நின்றாள். சாவியம்மா அவளுக்குப் பின்னால் போனாள். முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.